முகம் திருப்பிய படம்

அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் வாலுதான். அம்மா வனக்காவலர். காட்டு மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்களின் கார்டுகளை வாரம் ஒரு தடவை எடுத்து வருவாள். அவற்றைக் கணினியில் போட்டுப் படங்களைத் தேதிவாரியாகப் பிரிப்பது வாலுவின் வேலை என்று ஆகிவிட்டது. எது குறுக்கே போனாலும் கேமரா தானாகப் படமெடுத்துக்கொள்ளும். அப்படித்தான் ஒரு தாய்ச் சிறுத்தையும் இரண்டு குட்டிகளும் இந்த வீட்டுக்கு அறிமுகம். ஒரு குட்டி துறுதுறுவென்று திரியும். இன்னொன்று சரியான சோம்பேறி. அதற்குத் தன் அண்ணனின் பட்டப்பெயரையே வைத்திருந்தாள்: தூங்குமூஞ்சி.

அன்றைக்கு அம்மா வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். துறுதுறுக் குட்டி செத்துக் கிடந்ததாம். சைக்கிள் பிரேக் கம்பியில் யாரோ வைத்த கண்ணி கழுத்தை இறுக்கியிருந்ததாம். அழுது முடித்து, கார்டை வாலுவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நாலாவது படத்தில் ஒருத்தன். தோளில் சாக்கு, கையில் கம்பிச் சுருள், தலையில் தொப்பி. சரியாகக் கேமராவுக்கு எதிரே முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தான். அந்தக் கேமராவைப் போன மாதம்தான் இலைகளுக்குள் மறைத்துக் கட்டினார்கள். அது இருப்பதே தெரியாதவன் எதற்கு முகத்தைத் திருப்பப் போகிறான்? அந்த இடம் தெரிந்தது மூன்றே பேருக்கு: அம்மா, வாலு, மரத்தில் ஏறி அதைக் கட்டிக்கொடுத்த அண்ணன்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வாலு படத்தை அழித்துவிட்டாள்.

மூச்சிரைக்க அண்ணன் வேலை பார்க்கும் சைக்கிள் கடைக்கு ஓடினாள். முதலில் மழுப்பினான். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"முயலுக்குத்தான் வச்சேன் வாலு. சத்தியமா."

"இன்னும் எத்தனை இருக்கு?"

நாலு என்றான். இன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னாள். அவன் தலை நிமிராமல் நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல், படத்தை அழித்துவிட்டதையும் சொல்லித் தொலைத்தாள். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா! அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாளைக்கு எடுக்கிறேன் என்றான். மறுநாள் கடையில் வேலை இடுப்பை ஒடித்தது. அதற்கடுத்த நாள் மழை. சாக்குப்போக்குக்கா பஞ்சம்? அம்மாவிடம் சொல்லலாம் என்றால் வாலுவுக்கும் வாயில்லை, படத்தை அழித்தவள் அவள்தானே. தினமும் அவனை நச்சரித்ததோடு சரி. ஐந்தாவது நாள்தான் அவன் காட்டுக்குப் போனான்.

அடுத்த கார்டை அம்மாவே கணினியில் போட்டாள். வாலு பின்னால் நின்றாள். படத்தில் அண்ணன். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. தோளில் நாலு கம்பிகள். இரண்டு கையிலும் தூங்குமூஞ்சிக் குட்டி, கழுத்து தொங்கிக் கிடந்தது. கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா எழுந்து சீருடையை மாட்டிக்கொண்டாள். கூப்பிடுவதற்கு முன்பே அண்ணன் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். முகமெல்லாம் வீங்கியிருந்தது. பெற்ற பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா வனத்துறை அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

"அம்மா, போன வாரமே படம் வந்துச்சு. அண்ணன் முகத்தைத் திருப்பிட்டுப் போனான். நான்தான் அழிச்சேன்."

அம்மா நின்றாள். "போன வாரமா? அப்ப ரெண்டாவது குட்டி உயிரோட இருந்துச்சேடி."

ரெண்டு அறை வைத்திருந்தால்கூடத் தேவலை. அம்மா திட்டக்கூட இல்லை. வாசலைத் தாண்டிப் போன பிறகு ஒரு தடவை மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் படத்தையாவது அழிக்காம வை."

வாலு கணினி முன்னால் உட்கார்ந்தாள். அம்மா திரும்பி வரும்வரை கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.