பதினாலு போடுங்க

தரைவழிப் போக்குவரத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி ஒன்று அன்று காலை எட்டேகால் மணிக்கு நடந்தேறியது. ‘இடைவழி இயக்கம் மற்றும் சேவைகள் குறித்த ஒப்பந்த நிபந்தனைகள்’ என்னும் நூற்றுப் பதினெட்டுப் பக்க ஆவணத்தைத் தனியொருவராக இயற்றியவர், அந்த ஆவணத்துக்குக் கட்டுப்பட்ட பேருந்து ஒன்றில் முதன்முறையாகக் காலெடுத்து வைத்தார். வரவேற்க யாரும் வரவில்லை. ஜன்னலோரமும் கிடைக்கவில்லை, அதில் அவர் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

அலுவலகத்தில் அவருக்கு ஷரத்து என்று பெயர். முகத்துக்கு நேரே ஷரத்து சார். தனியாரிடம் பேருந்துகளை வாடகைக்கு எடுத்து ஓட்டும் நிறுவனம் அது. வண்டி புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேரும் இடத்துக்கும் நடுவில் ஓட்டுநர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, எங்கே தேநீர் குடிக்கலாம் என்பதையெல்லாம் எழுதி வைத்தவர் இவர்தான். எழுதிய பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டபோது, சாப்பாட்டு மேசையில் மூன்று அம்சங்களாக அறிவித்தார்: நாம் அங்கே போவதில்லை, அவள் இங்கே வருவதில்லை, இதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சில்லை. மனைவி “சரி” என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு போட்டாள். மறுக்காதவர் சம்மதித்தவராகக் கருதப்படுவார் என்பது அவருடைய ஆவணத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

அதன் பிறகு மனைவி மாதம் ஒருமுறை தன் அக்கா வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினாள். அக்காவுக்கு முழங்கால் வலி. ஷரத்துவும் மறக்காமல் முழங்காலை விசாரிப்பார். பரவாயில்லை, ஆனால் இன்னும் சரியாகவில்லை என்று பதில் வரும்.

இப்போது மருமகனுக்கு வேலை மாற்றலாகிவிட்டது. இரண்டு நாள் ரயில் பயணத் தூரம். குறைந்தது மூன்று வருஷம். மகளும் அவனும் எட்டு மாதக் குழந்தையும் அன்று பதினொன்றரை மணி ரயிலில் கிளம்புகிறார்கள். அந்தக் குழந்தையை ஷரத்து பார்த்ததே இல்லை. போகப்போவதில்லை என்று முந்தின நாள் வரைக்கும் உறுதியாக இருந்தவர், காலையில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “எத்தனை மணிக்கு ரயிலு?” என்றார். மனைவி புடவை கட்டி, பையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏன் அப்படித் தயாராக இருந்தாள் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நடத்துநர் பயணச்சீட்டுக்கு வந்தவன், “என்னக்கா, இந்த மாசம் சாரையும் கூட்டிட்டு வந்துட்டீங்க?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தான். ஆள் மாறிப் பேசுகிறான் என்று ஷரத்து விட்டுவிட்டார். அவருக்கு வேறு கவலை. சட்டைப் பையில் ஒரு கிலுகிலுப்பை இருந்தது. குழந்தை பிறந்த வாரம் வாங்கி, அலுவலக மேசை இழுப்பறையில் எட்டு மாதமாகப் பூட்டி வைத்திருந்தது. வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் அது கலகலத்தது. ஒவ்வொரு தடவையும் அவர் இருமினார்.

“சளியா?” என்றாள் மனைவி.

“தூசி.”

வழியில் ஒப்பந்த உணவகத்தில் வண்டி பதினைந்து நிமிடம் நின்றது. மறுபடி கிளம்பியதும் மனைவிக்கு நிலைமையை விளக்கினார். ரயில் நிலையம் முக்கூட்டுச் சாலைக்கு எதிரிலேயே இருக்கிறது. பத்தே முக்காலுக்கு வண்டி அந்தப் பக்கமாகப் போகும். ஆனால் அங்கே நிறுத்தம் கிடையாது. நேரே கடைசி நிலையம்தான். அங்கே போய்ச் சேரவே பதினொன்றரை ஆகிவிடும். கவலைப்பட வேண்டாம், தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவி ஜன்னல் வழியே ஒரு மின்கம்பத்தைப் பார்த்தாள்.

ஷரத்து எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். தொண்டையைச் செருமி, தான் தலைமை அலுவலகம் என்றார். அதற்கும் மேலாக, நிபந்தனைகளை எழுதியவரே தான்தான் என்றும் சொன்னார். முக்கூட்டில் அரை நிமிடம் நிறுத்த வேண்டும்.

ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை. “நீங்களே எழுதினதா சார்? அப்ப உங்களுக்கே தெரியும். பதினாலாவது ஷரத்து. சக்கரம் நின்னா நிறுத்தம். நின்ன நிமிஷமே இந்தப் பெட்டி ஹெட் ஆபீஸுக்குச் சொல்லிடும். சாயங்காலம் எனக்கு மெமோ.”

ஓட்டுநருக்கு முன்னால் பொருத்தியிருந்த கண்காணிப்புப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு அவரைப் பார்த்துக் கண் சிமிட்டியது. அந்த ஷரத்துக்காக மூன்று வாரம் உழைத்திருந்தார். ‘பயணி இறங்கினால் நிறுத்தம்’ என்றுதான் முதலில் எழுதினார். பயணி வாதாடுவான், சக்கரம் வாதாடாது என்று அதை அடித்துவிட்டு, ‘சக்கரம் சுழலாத நிலையே நிறுத்தம்’ என்று மாற்றினார். அன்று மேலதிகாரி கைகொடுத்துப் பாராட்டினார்.

“அவசரம்னா…” என்று இழுத்தார்.

“அவசரத்துக்கு எழுத்துல முன் அனுமதி வாங்கணும் சார். நாப்பதாவது ஷரத்து.”

திரும்பி வந்து உட்கார்ந்தார். வண்டி பள்ளத்தில் விழுந்தது, கிலுகிலுப்பை கலகலத்தது, இருமத் தோன்றவில்லை. மூன்று வருஷம். குழந்தை நடக்கும், பேசும், யாரையாவது தாத்தா என்று கூப்பிடக்கூடச் செய்யும். “விட மாட்டேங்கிறான்” என்றார். இவ்வளவு சிறிய வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து மனைவி கேட்டதில்லை.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். “தம்பி, முக்கூட்டுல ஒரு பதினாலு போடச் சொல்லுங்க.”

நடத்துநர் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, சார் ஹெட் ஆபீஸாம்.”

“அது எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். நம்ம ஆளுதான். போடச் சொல்லுங்க.”

“பதினாலு!” என்று நடத்துநர் குரல் கொடுத்தான். கியர் இறங்கியது. கதவு திறந்தது. வண்டி நிற்கவில்லை, மாமியார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளை போல அடிமேல் அடி வைத்து உருண்டது. பின்னாலிருந்து சீருடையில் ஒரு செவிலியர் வந்து, கைப்பேசியில் பேசிக்கொண்டே இறங்கிப் போனார். கரண்டிப் பையோடு ஒரு கொத்தனார் இறங்கினார். பெட்டியின் விளக்கு பச்சையாகவே இருந்தது. ஷரத்துவின் மனைவி, ஐம்பத்து மூன்று வயது, கம்பியை விட்டு, சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போவது போல சாலையில் போய் நின்றாள். ஒரு நாளில் வரும் பழக்கமல்ல அது.

“உங்க அக்கா முழங்கால்?” என்று படியில் நின்றபடி கத்தினார் ஷரத்து.

“அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. நீங்க இறங்குங்க.”

தன்னுடைய ஷரத்தின் மேலேயே தன் மனைவி இரண்டு வருஷமாக நடந்து போய்வந்திருக்கிறாள். கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் வரிசையில் பயம் முந்திக்கொண்டது. கீழே தரை பின்னால் போய்க்கொண்டிருந்தது. அப்போது பக்கத்தில், வண்டியோடு சேர்ந்து ஒருவன் நடந்துவந்தான். கல்யாணப் படத்தில் அவர் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்த முகம். கையை நீட்டினான்.

“மாமா, குதிக்காதீங்க. நடங்க. அவ்வளவுதான்.”

ஷரத்து அந்தக் கையைப் பிடித்தார். நான்கு எட்டு வண்டியோடு நடந்தார். ஐந்தாவது எட்டு தானாக நின்றது. பையில் கிலுகிலுப்பை பலமாகக் கலகலத்தது. சாலையோரத்தில் காத்து நின்ற மகளின் இடுப்பிலிருந்த குழந்தை தலையைத் திருப்பி, சத்தம் வந்த சட்டைப் பையை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது.

அந்தப் பேருந்து, பெட்டி அனுப்பிய அறிக்கையின்படி, அன்று ஒப்பந்த உணவகத்தைத் தவிர வழியில் எங்கும் நிற்கவில்லை.