ஒரு கழித்தல் குறி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இல்லாவிட்டால் கோபம் முந்திக்கொள்ளும்.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் நான் கெஸ்ட் லெக்சரர். எம்.எஸ்சி. மாணவர்களுக்குச் சார்பியல் எடுத்தேன். சுழற்றுவதோ, வேகம் கொடுப்பதோ, எந்த மாற்றத்தையும் பிறப்பிக்கும் மிகச் சிறிய அடியைத்தான் ஜெனரேட்டர் என்பார்கள். முதலில் கிழக்கே, பிறகு வடக்கே வேகம் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் வரிசையை மாற்றிக் கொடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. வித்தியாசம் ஒரு சுழற்சியாக வரும், கழித்தல் குறியோடு. அந்தக் குறி இல்லையென்றால் காலமும் இன்னொரு திசையாகிவிடும். ஒளிக்குத் தனி வேகம் என்று ஒன்று இருக்காது.

துறைத்தலைவர் புகழேந்தி எழுதிய கைடில் அங்கே கூட்டல் குறி. முப்பத்தொரு பேர் அதை மனப்பாடம் செய்து எழுதினார்கள். கீழ்பென்னாத்தூர் கவிநிலா மட்டும் கணக்குப் போட்டுக் கழித்தல் என்று எழுதினாள். நான் போட்ட ஐந்து மதிப்பெண்ணை அடித்துச் சுழியம் ஆக்கியிருந்தார் அவர். இருபத்தைந்து எடுத்தால் தேர்ச்சி, அவளுக்கு இருபத்திரண்டு. தேறாவிட்டால் வேலூரில் கிடைத்த ஆய்வு இடம் போய்விடும்.

மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்க என்னை அழைத்தார். மறுத்தேன்.

"ஒரு மைனஸ் தானேம்மா. நீங்க கெஸ்ட்டு, கெஸ்ட்டாவே இருங்க."

"பௌர்ணமி கிரிவலம் அன்னிக்கு அடி அண்ணாமலை ரோட்டுல, மலையை இடது கைப்பக்கம் வச்சு நடந்து பாருங்க சார். மைனஸ்னா என்னன்னு எதிர்ல வர்ற கூட்டம் சொல்லும்."

முகம் சிவந்து எழுந்தார். இப்போதே நிரூபிக்கிறேன் என்று சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் அணிகளைப் பெருக்கத் தொடங்கினார். நான்காவது வரியில் கை நின்றது. கழித்தல் குறி அவர் கையாலேயே வந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அழித்தார்.

"கையெழுத்து போட்டுட்டுக் கிளம்புங்க."

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

பட்டியலில் இருபத்திரண்டை அடித்து இருபத்தேழு என்று எழுதினேன். மற்ற முப்பத்தொரு பேருக்கும் குறைக்கவில்லை. அது அவர்கள் தவறு அல்ல. அந்த நான்கு வரிகளையும் கீழே எழுதிக் கையெழுத்திட்டு, நானே கொண்டுபோய்த் தேர்வு அலுவலகத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்கினேன்.

கவிநிலா வேலூர் போய்விட்டாள். அடுத்த பருவத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. கைடின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. வாங்கிப் பார்த்தேன். கூட்டல் குறிதான்.