அப்ரூவல் ஆன மயில்

திருப்பூர் அருள்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தொடக்கப்பள்ளியில் மத்தியானத்துக்கு மேல் பெண் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. சத்துணவு சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒவ்வொருத்தியாக நழுவிவிடுவார்கள். படிப்பு கசந்து போகிறார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒண்ணுக்குப் போக வீட்டுக்குப் போவார்கள், போன பிள்ளை திரும்பாது. பள்ளிக்குப் பின்னால் கழிப்பறை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கதவு கிடையாது, தண்ணீர் கிடையாது, ஆடுகளுக்கு மட்டும் நல்ல நிழல். தலைமையாசிரியை விஜயகுமாரி அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து இதற்காக மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். மனுவை வாங்கிய ஒவ்வொரு அதிகாரியும் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அவர்களை ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதனால்தான் பனியன் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து தானாகவே பள்ளிக்கூடத்துக்குள் வந்து நின்றபோது, விஜயகுமாரி நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டாள்.

"ஏனுங்க டீச்சர், உங்க புள்ளைகளுக்கு ஓவியப் பட்டறை ஒண்ணு வெக்கலாம்னு இருக்கறமுங்க," என்றார் நாச்சிமுத்து. "மூணு நாளைக்கு. பக்கத்துப் புள்ளைகளுக்கு நல்லது பண்ணுங்கன்னு, நம்ம பனியனை வாங்கற வெளிநாட்டுப் பையர் கிட்டருந்து மெயில் மேல மெயிலா வருதுங்க. கடைசி நாளு அந்தக் கம்பெனி அம்மா ஒருத்தங்க நேர்ல வந்து பாப்பாங்க. அவங்க மனசு குளுந்து போனாப் போதும்."

"புள்ளைகளுக்குப் பாத்ரூம் ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமுங்க," என்றாள் விஜயகுமாரி.

"அதுக்கென்னங்க, கட்டிப்போடலாம். அந்தம்மா சந்தோசமாப் போவட்டும். அவங்க போன மக்கா நாளே கொத்தனாரு வருவாரு."

முதல் நாள் கோயம்புத்தூரிலிருந்து ராஜ்கமல் என்ற ஓவியர் வந்தார். பள்ளி பள்ளியாகப் போய்ப் பட்டறை நடத்துகிறவர். தாடியைப் பார்த்து ஒன்றாம் வகுப்பு அழுதது. அவர் பையைக் கவிழ்த்தார். வெண்டைக்காய், பாதியாக அறுத்த வெங்காயம், புங்க இலை, நூல்கண்டு என்று ஒரு சந்தையே கொட்டியது. பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, கம்பெனி கொடுத்த வெள்ளைப் பனியனை ஆளுக்கொன்றாக விரித்தார். காயைச் சாயத்தில் முக்கி, தோன்றிய இடத்தில் குத்தச் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. சாயம் மூக்கில், காதில், சுவரில், சத்துணவு ஆயாவின் சேலையில். எல்லாச் சக்கரமும் ஒரே பக்கம் இருக்கும் பஸ் ஒன்று பிறந்தது. முனீஸ் என்ற நாலாம் வகுப்புப் பையன் கழிப்பறைக்குள் படுத்திருக்கும் ஆட்டை வரைந்தான், வாய் அசைவது முதற்கொண்டு. தெற்கேயிருந்து பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளையான மூன்றாம் வகுப்பு ஆஷா மயில் செய்தாள். தோகை முழுக்க வெண்டைக்காய் குத்திய பூக்கள். மயிலின் முகம் பின்னால் திரும்பியிருந்தது.

"ஏன் கண்ணு, மயிலு பொறத்தாண்ட பாக்குது?" என்று கேட்டாள் விஜயகுமாரி.

"தன் தோகை எவ்வளவு பெருசுன்னு அது இன்னும் பாத்ததே இல்ல டீச்சர். இன்னைக்குத்தான் பாக்குது."

அன்று மத்தியானம் ஒரு பெண் பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை. காலைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பூவைக் குத்தி முடித்த பிறகுதான் ஆஷா எழுந்து ஓடினாள். ஓடிய வேகத்தைப் பார்த்து விஜயகுமாரிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எப்பாடுபட்டாவது அந்தப் பாத்ரூமை வாங்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

சாயங்காலம் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் டேனியல் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். ஹெல்ப்பராக வந்து மேனேஜரானவர். ஒரே மாதிரி இல்லாத இரண்டு பனியனைக் கண்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது. கொடியில் காயும் பனியன்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"என்ன டீச்சர் இது, ஒண்ணுக்கொண்ணு மேட்ச் ஆகலியே."

"சார், இது ஓவியம். வேற வேறயாத்தான் இருக்கும்," என்றார் ராஜ்கமல்.

"இருக்கட்டும் தம்பி, நான் வேண்டாம்னா சொல்லுதேன்? வேற வேறயாவே இருக்கட்டும். ஆனா எல்லாம் ஒரே மாதிரி வேற வேறயா இருக்கணும்லா. இதுல எது அப்ரூவல் பீஸுன்னு பையர் கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

டேனியல் மொத்தக் கொடியையும் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். நாச்சிமுத்து மயிலைத் தேர்ந்தெடுத்தார். அது தேசியப் பறவை, யார் மனதும் புண்படாது. ஆஷாவின் பனியன் கழுத்தில் 'அப்ரூவ்டு' என்று அட்டை தொங்கியது. இனி மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான். ராஜ்கமலுக்குச் சால்வை போர்த்தி, இனிமேல் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தூரிகைகளைச் சுருட்டியபடி அவர் விஜயகுமாரியைப் பார்த்தார். டீச்சராவது ஏதாவது சொல்ல மாட்டாரா என்று கேட்கும் பார்வை. அவள் ஜன்னல் வழியாகக் கழிப்பறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் பெஞ்சுகள் வரிசையாக மாறின. கம்பெனியில் லைன் எப்படியோ அப்படி. முதல் பிள்ளைக்கு மயிலின் உடம்பு மட்டும், அடுத்த பிள்ளைக்குக் கழுத்தும் தலையும், அதற்கடுத்து தோகை, பூ, கண், கால். கடைசியில் பார்த்துத் தள்ளுவதற்குக் கம்பெனியிலிருந்து ஒரு செக்கிங் அக்கா. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாட்டை அழித்துவிட்டு டேனியல் அன்றைய டார்கெட்டை எழுதினார். கழுத்தில் விசில். பிள்ளைகள் முதலில் இதையும் விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள்.

ஆஷாவுக்குத் தலை கிடைத்தது. அவள் மயிலை நேராகப் பார்க்கவைத்தாள். செக்கிங் அக்கா அந்தப் பனியனில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, "ஆல்டர்" என்று சொல்லித் தூக்கிப் போட்டாள். தப்பான பீஸைக் கம்பெனியில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அதான் நேத்தே தோகையைப் பாத்துருச்சே. இன்னைக்கு வேற எங்கயாச்சும் பாக்கட்டும்," என்றாள் ஆஷா.

"சாம்பிள்ல அப்படி இல்லியே பாப்பா," என்றார் டேனியல்.

"சாம்பிளே நான் செஞ்சதுதான் சார்."

"அது நேத்து. இன்னைக்கு நீ சாம்பிளைப் பாத்துத்தான் செய்யணும், பாத்துக்கோ."

தான் செய்த மயிலைத் தனக்குச் சரியாகச் செய்ய வரவில்லை என்று அந்தப் பிள்ளையைத் தலையிலிருந்து இறக்கிக் கண்ணுக்கு மாற்றினார்கள். கட்டைவிரலைக் கறுப்பில் முக்கி ஒரு பொட்டு. அடுத்த பனியன், அடுத்த பொட்டு. மத்தியானம் பெண் பிள்ளைகள் வழக்கம்போல் எழுந்தபோது டேனியல் விசில் ஊதி உட்காரவைத்தார். கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொருத்தியாக அனுப்புவதற்குள் விஜயகுமாரிக்குத் தொண்டை வற்றிவிட்டது.

மூன்றாம் நாள் பையர் கம்பெனி அம்மா வந்தார். வாழைமரம் கட்டி, ரோஜா மாலை வாங்கி, வாசலில் கோலம் போட்டு வரவேற்றார்கள். உள்ளே நுழைந்தவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். வரிசையாகப் பிள்ளைகள். எல்லோர் மேலும் கம்பெனி பேர் போட்ட பனியன். கரும்பலகையில் டார்கெட். விசிலோடு மேனேஜர். வரிசைக் கடைசியில், யாரும் கேட்காமலே டேனியல் செய்திருந்த கூடுதல் ஏற்பாடாக, பாலித்தீன் கவரும் அட்டைப் பெட்டியும்.

அந்த அம்மாவின் உத்தியோகமே, தங்கள் கம்பெனிக்குத் துணி தைக்கும் இடங்களில் குழந்தைகள் வேலை செய்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது. இதற்காகவே நாடு நாடாக அலைகிறவர். இதுவரை எந்த ஊரிலும் கண்ணில் சிக்காத காட்சியைத் திருப்பூர்க்காரர்கள் மாலை போட்டு அழைத்துவந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, நிறம்தான் போய்விட்டது. சென்னையிலிருந்து கூட்டிவந்திருந்த மொழிபெயர்ப்பாளப் பெண்ணோடு நேராக ஆஷாவிடம் போய்க் குனிந்தார்.

"நீ என்ன பண்றம்மா?" என்று கேட்டாள் மொழிபெயர்ப்பாளப் பெண்.

"கண்ணு வைக்கேன்."

"யாரு வைக்கச் சொன்னாங்க?"

"டேனியல் சார். எங்கம்மாவுக்கும் இவருதான் சார். அம்மா காலர் வைப்பாங்க."

"உனக்கு இது பிடிச்சிருக்கா?"

ஆஷா யோசித்தாள். "மொத நாளு பிடிச்சிருந்துச்சு."

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. விஜயகுமாரியைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

"டீச்சர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறனுங்க. இது வெளையாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பனியனெல்லாம் கம்பெனியில பிரிண்ட் பண்ணுனது, புள்ளைங்க சும்மா கையில வெச்சுட்டு இருந்தாங்கன்னு சொல்லிப்போடுங்க. ஆர்டர் போச்சுன்னா நான் போனேனுங்க. பாத்ரூமு நான் கட்டித் தர்றனுங்க, எங்காத்தா மேல சத்தியமா."

பாத்ரூம் என்ற வார்த்தைக்கு அவள் மனது இப்போதும் இளகத்தான் செய்தது. பொய் ஒன்றும் பெரிய காரியமில்லை. இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு அவள் சொன்னதும் அதுதானே. சரி என்று சொல்லிவிடத்தான் திரும்பினாள். அதற்குள் அந்த அம்மா அங்கேயே வந்துவிட்டார். கையில் இருந்த டேப்லெட்டில் பட்டியலைப் பார்த்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளப் பெண் தமிழில் சொன்னாள்.

"வேலை செய்யறவங்களுக்குக் கழிப்பறை எங்கேன்னு கேக்கறாங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டுப் போயிருக்கிறார்கள். வந்து நின்ற காலோடு கழிப்பறை எங்கே என்று கேட்ட முதல் ஆள் இவர்தான். அதுவும் படிக்கிற பிள்ளைகளுக்காகக் கேட்கவில்லை.

"வாங்க, காட்டறனுங்க," என்றாள் விஜயகுமாரி. பின்பக்கம் கூட்டிப்போனாள். ஆடு எழுந்து வெளியே வந்து வழிவிட்டது.

"இதுதானுங்க. நேத்தைக்கும் இன்னைக்கும் எங்க புள்ளைகதானுங்க லைன்ல உக்காந்து பிரிண்ட் பண்ணுனாங்க. டார்கெட்டு போர்டுல இருக்குதுங்க. எந்திரிச்சா விசில் அடிப்பாங்க. எல்லாம் நெசமுங்க."

நாச்சிமுத்து குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே பையரிடமிருந்து மெயில் வந்துவிட்டது. தங்கள் பனியன் தயாராகும் இடம் எதுவானாலும், ஓலைக் கொட்டகையானாலும், அது கம்பெனியின் ஒரு யூனிட்தான் என்பது அவர்கள் சட்டம். யூனிட்டில் இனி ஒரு குழந்தையும் வேலை செய்யக் கூடாது. யூனிட்டில் தண்ணீரோடு, கதவோடு கழிப்பறை இருக்க வேண்டும். இரண்டும் சரியாகும்வரை ஆர்டர் நிற்கும். இரண்டையும் ஒரே இடத்தில் எப்படிச் செய்வது, குழந்தைகள் இல்லாத யூனிட்டில் கழிப்பறை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய பட்டியலில் பள்ளிக்கூடம் என்று ஒரு கட்டமே இல்லை.

மறுநாள் விடியும்போதே கொத்தனார் வந்துவிட்டார். அந்த மட்டும் நாச்சிமுத்து சொன்ன சொல் தவறவில்லை. டேனியல் கூடவே நின்று டைல்ஸை ஒன்றோடொன்று மேட்ச் பார்த்து ஒட்டவைத்தார். தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி, காற்றாடி, தீயணைப்புக் கருவி எல்லாம் வந்தன. ஆட்டைக் கட்டி வைக்க வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரம்மா திரும்பி வந்து எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, டேப்லெட்டில் டிக் அடித்துப் போனார். பிள்ளைகள் செய்த மயில்களை அதற்கு முன்பே கம்பெனிக்காரர்கள் வாரிக்கொண்டு போய் எரித்துவிட்டார்கள். முனீஸ் வரைந்த ஆடும் அதோடு போயிற்று. தன் பனியனைத் திருப்பித் தரச் சொல்லி ஆஷா கேட்டாள். அப்ரூவல் பீஸை யாருக்கும் தருகிற வழக்கம் இல்லையாம்.

திறந்த அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து பெண் பிள்ளைகள் அந்தக் கதவுக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. கம்பெனியில் இருக்கிற அதே போர்டை இங்கேயும் மாட்டியிருந்தார்கள். ஆஷா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பெண் தொழிலாளர்கள் மட்டும்." பிறகு விஜயகுமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "இது எங்கம்மா மாதிரி ஆளுகளுக்கு டீச்சர். நாங்க போகலாமா?"

"போலாம் கண்ணு."

"நாங்க படிக்கிற பிள்ளைங்கல்லா?"

"அது யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றாள் விஜயகுமாரி. "உள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுக்கோ."

ஆஷா போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள், இந்த முறை யாரும் விசில் அடிக்காமலே. அன்று மத்தியான வருகைப்பதிவில் எல்லாப் பெண் பிள்ளைகளும் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள்.