பதினான்கு படி

மூச்சு என்ன விலை என்று கேட்டால், பழைய மரச்சாமான் கடைக்காரர் கச்சிதமாகச் சொல்வார்: ஒரு ஸ்கேன் கட்டணம். மூன்று வருஷத்துக்கு முன் அந்த விலைக்குத்தான் விற்றார், விற்றது தெரியாமலே.

அன்று லாரியிலிருந்து சரிந்த இரும்பு பீரோ அவருடைய இடது விலாவில் விழுந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பு முறிவு. "எதுக்கும் ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "ஒரு பீரோவுக்கு ரெண்டு படமா? ஒண்ணு போதும் சார்" என்று பேசித் தப்பித்தவர், கடையில் ஒரு மாதம் அதையே சொல்லிப் பெருமையடித்தார்.

எலும்பு கூடியது. ஆனால் நாலு வாய் சாப்பிட்டால் மூச்சு முட்டியது. மாடி வீட்டுக்குப் பதினான்கு படி. நாலு இடத்தில் நின்றார். ஆஸ்துமா என்றார் ஒரு வைத்தியர், வாயு என்றார் இன்னொருவர். படுக்க முடியாமல், கடையிலிருந்த சாய்வு நாற்காலியை மேலே ஏற்றி அதில் தூங்கினார். யார் விலை கேட்டாலும், "அது வித்துப்போச்சு."

"யாருக்கு? உங்க முதுகுக்கா?" என்பாள் மனைவி.

ஒரு மத்தியானம் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவள், ஏதோ சத்தம் கேட்டு அவருடைய இடது மார்பில் காதை வைத்தாள்.

"ஏங்க, வயிறு கடமுடாங்குது. ஆனா நெஞ்சுக்குள்ள!"

"பசி மாடி ஏறிடுச்சு போல."

அவள் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே அறுவை சிகிச்சை டாக்டரம்மா இந்த முறை ஸ்கேன் எடுத்தார். "நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு சதைத் திரை இருக்கு. பீரோ விழுந்த அன்னிக்கு அது கிழிஞ்சிருக்கு. இரைப்பையும் குடலும் அது வழியா மேல ஏறிடுச்சு. நுரையீரல் நசுங்கிக் கிடக்கு."

"மூணு வருஷமா வாடகை தராமலா?"

"குடல் முறுக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்துங்க. ஆபரேஷன் பண்ணியாகணும், ரெண்டு லட்சம் ஆகும்."

கடைக்காரர் வாயைத் திறந்தார். பேரம்தான் வரப்போகிறது என்று மனைவி கையைக் கிள்ளினாள். "அன்னிக்கு ஸ்கேன் வேணாம்னது நான்தாம்மா" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

"எடுத்திருந்தாலும் சில சமயம் அன்னிக்கே தெரியாது. இப்ப தெரிஞ்சுதே, அதைப் பாருங்க."

"சரி. நீங்க சொல்றதுதான்." முதலில் சொன்ன விலைக்கு அவர் தலையாட்டியது வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

ஏறியவற்றைக் கீழே இறக்கிக் கிழிசலைத் தைத்தார்கள். நெஞ்சில் செருகிய குழாயோடு நாலு நாள் முனகிக் கிடந்தார். ஒன்றரை மாதம் கழித்து, படியேறும்போது பின்னாலேயே மனைவி எண்ணி வந்தாள்.

மேலே போனதும் கணக்குச் சொன்னாள்: படி பதினான்கு. நின்றது ஒரு தடவை. அதுவும் நிஜமாகவே விற்றுப்போன சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரே இறங்கியவர்களுக்கு வழி விட.