கடைசி பெஞ்சில் நெத்திலி வாசனை

என் வீட்டுக்காரர் தல்சு ஜெபம் பண்ண ஆரம்பிச்சா, எங்க ஊர் தோங்யோங் துறைமுகத்துல கட்டிக் கிடக்கிற படகெல்லாம் முழிச்சுக்கும். அப்படி ஒரு தொண்டை. சபை மூப்பர் வேற, கேக்கணுமா? விடிகாலைப் பிரசங்கம் முடிஞ்சு போதகர் விளக்கை அணைச்சதும், "கர்த்தாவே"ன்னு எல்லாரும் ஒண்ணாக் கூப்பிடுவோம். அப்புறம் அவங்கவங்க பாரத்தை வாய்விட்டுக் கதறுவோம். முதல் பெஞ்சுல இவர் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "குருடன் கண்ணைத் திறந்தவரே, என் மகன் இன்மோவோட கண்ணையும் திறங்க"ன்னு அழுவார். நிஜமாவே அழுவார், பொய் சொல்லக் கூடாது.

இன்மோ எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் பண்ணின குத்தம் என்ன? அவன் மாமனார் செத்தப்போ, ஆண் பிள்ளை இல்லாத வீடு, சடங்கு செய்ய ஆளில்லைன்னு மருமக மிரான் தவிச்சா. இவன் போய் அந்த மனுஷன் படத்துக்கு முன்னாடி மது ஊத்தி வச்சு, நெத்தி தரையில பட விழுந்து கும்பிட்டான். அவ்வளவுதான். ஆனா எங்க சபையில செத்தவங்க படத்துக்கு விழறது விக்கிரகத்தைக் கும்பிடற மாதிரி.

"படத்துக்கு விழுந்த குருட்டுப் பய! கண்ணு திறந்து மனந்திரும்புற வரைக்கும் என் மூஞ்சில முழிக்காதே"ன்னு இவர் கதவைச் சாத்திட்டார்.

பிள்ளையும் மூஞ்சில முழிக்கலை. முதுகுல முழிச்சான். நெத்திலிப் படகுக்குப் போற வழியில, ரப்பர் பூட்ஸோட, விளக்கு அணைஞ்சதும் கடைசி பெஞ்சுல வந்து உக்காருவான். அப்பா முதுகையே பார்த்துக்கிட்டு இருப்பான். படகுல சங்கு ஊதினதும் எழுந்து போயிடுவான். வருஷக்கணக்கா இப்படித்தான்.

"ஏண்டா, போய் அவர் தோளைத் தொடேன்"னு ஒரு நாள் அவன்கிட்டப் போய்ச் சொன்னேன்.

"வேணாம்மா. நான் விழுந்தது தப்புன்னு அவர்கிட்டப் பொய் சொல்ல முடியாது. அவரா திரும்பட்டும். நாம பிடிச்சுத் திருப்பினா கழுத்து மட்டும்தான் திரும்பும்."

அப்பனுக்குத் தப்பாத பிள்ளை! ரெண்டும் ஒரே பிடிவாதம்.

நான் சும்மா இருப்பேனா? முன்னாடி வந்து இவர் தொடையில கிள்ளினேன். "பின்னாடி பாருங்க. நீங்க கேட்டது வந்து உக்காந்திருக்கு."

"ஜெபத்துல கண்ணைத் திறக்கச் சொல்றியே, நீ பொம்பளையா பிசாசா?"

"பிசாசுதான். பிசாசுக்கே தெரியுது, மூப்பருக்குத் தெரியலை!"

மனுஷன் குரலை இன்னும் உசத்தினாரே ஒழிய, திரும்பலை.

பனிக்காலத்துல ஒரு நாள் கடைசி பெஞ்சுல இன்மோ என் கையைப் பிடிச்சுக்கிட்டான். அவன் கை சில்லுன்னு இருந்தது. "இந்தத் தடவை ரொம்ப தூரம் போறோம்மா. அப்பா ஒரே ஒரு வாட்டி பார்த்துட்டார்னா நிம்மதியாப் போவேன்." அன்னிக்குச் சங்கு ஊதியும் எழுந்திரிக்கலை. மறுபடியும் ஊதினாங்க. முன்னாடி இவர், "என் மகனை எனக்குக் காட்டுங்க கர்த்தாவே"ன்னு கதறிக்கிட்டிருந்தார். பிள்ளை எழுந்து போயிட்டான்.

காத்துல படகு கவுந்துருச்சு. பிள்ளையைக் கொண்டு வந்தாங்க, உயிரைக் கொண்டு வரலை.

துக்கக் கூடத்துல அவன் படத்தை வச்சு, சுத்திலும் வெள்ளைச் சாமந்தி. சபைக்காரங்க பூவை வச்சுட்டுத் தலை குனிஞ்சு நின்னாங்க, எங்காளுங்க விழ மாட்டாங்க. மிரான் மட்டும் விழுந்து கும்பிட்டா. யாரும் அவளை ஒண்ணும் சொல்லலை.

இவர் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னார். எனக்கு அடக்க முடியலை. "கடைசி பெஞ்சுல தினமும் வந்து கிடந்தானே, உங்களுக்குத் தெரியவே இல்லையா?"ன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்.

"தெரியும்"னார்.

"எப்போலேருந்து?"ன்னேன்.

"முதல் நாளே நெத்திலி வாசனை வந்துச்சு. திரும்பிப் பார்த்தா அந்த நிமிஷமே மன்னிச்சிருப்பேன். அவன் கண்ணு திறக்கறதுக்கு முன்னாடி மன்னிச்சிடுவேனோன்னு பயந்துதான் என் கண்ணை மூடிக்கிட்டேன்."

சொல்லிக்கிட்டே முட்டி மடங்கிப் படத்துக்கு முன்னாடி போய் விழுந்தார். நெத்தி தரையில இடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுது. போதகர் "மூப்பரே"ன்னு கிட்ட வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அது கும்பிட்டதா, கால் தாங்காம விழுந்ததான்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ரொம்ப நேரம் கழிச்சுத் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இவனுக்கு எப்போடி நரைச்சுது?"ன்னு கேட்டார்.

"உங்க முதுகுக்குப் பின்னாடி உக்காந்துதான்"னேன்.