தென்துருவத்துச் சாட்சி

அழகுபாண்டி காரில் ஏசியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, "தென்துருவத்து ஆளுக்கு இதுவே வெயிலா இருக்கும்ல" என்று தானே சொல்லித் தானே சிரித்தான். ரோகிணிக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. பார்க்கிங் ரசீதுக்குக்கூட பேரம் பேசுகிற அண்ணன், வேலை நாளில் ரியல் எஸ்டேட் ஆபீஸைப் பூட்டிவிட்டுத் தங்கையை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போகிறான் என்றால், அதில் அவனுக்கு ஏதோ லாபம் நிற்கிறது.

"அம்மா நேர்ந்துக்கிட்டது பாப்பா. நீ கப்பல்ல இருந்து முழுசா வந்து சேந்ததுக்கு."

முழுசாக வந்ததே பெரிய காரியம்தான். கோவாவில் கடல் ஆராய்ச்சி வேலை அவளுக்கு. மொரீஷியஸில் ஏறி, பனிமலைகள் மிதக்கிற தென்கடல்வரை போய்வந்திருந்தாள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் சாப்பிட்டதில் பாதி கடலுக்கே போனது. கம்பியில் கருவியை இறக்கி, எந்த ஆழத்தில் எம்புட்டுச் சூடு, எம்புட்டு உப்பு என்று அளந்து, குப்பிகளில் தண்ணீர் மொண்டுவருவது அவள் பொறுப்பு. நடுவே ஒருநாள், பின்னால் பனிமலை தெரிய, பஞ்சடைத்த சிவப்புக் கோட்டோடு ஒரு போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப் குரூப்பில் போட்டாள். அண்ணன் மட்டும் பதினாறு கைதட்டல் அனுப்பியிருந்தான். பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

கோவிலின் காவல்தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பு வாசலில், சந்தனம் அப்பிய பெரிய கதவுக்கு முன்னால், ஓர் அம்மாள் சூடம் பாக்கெட்டோடு காத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அழகுபாண்டியைப் பார்த்ததும் எழுந்து, ரோகிணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதானா தம்பி உன் தங்கச்சி? போட்டோவுல குண்டாத் தெரிஞ்சுச்சு. நேருல வத்தலால்ல இருக்கு."

"கோட்டுதான்க்கா குண்டு" என்றாள் ரோகிணி சிரித்துக்கொண்டே.

அந்தம்மாள் சிரிக்கவில்லை. "நான் ராமக்கா. மேலூரு ரோட்டு மேல ரெண்டு ஏக்கரு நஞ்சை இருக்கு. நீ சூடத்த அணைச்சுச் சொல்லிட்டின்னா நாளைக்கே உங்க அண்ணனுக்குப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுருவேன்."

"என்னன்னு சொல்லணும்?"

"எங்க பக்கம் இனிமே மழை கெடையாது, வாய்க்கால்ல தண்ணி வராதுன்னு. நீதான் ஒலகத்துக் கடைசி வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்து சொன்னியாம்ல. தம்பி போட்டோவக் காட்டுச்சு. போட்டோ சத்தியம் பண்ணாது, ஆளக் கூட்டியான்னு சொல்லிட்டேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்னால் அது சத்தியம். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வருகிறவன்கூட இந்த வாசலில் நாக்கை அடக்கிக்கொள்வான். ரோகிணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் கோவில் மதிலை, விலை விசாரிக்க வந்தவன்போல, அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

அவன் சட்டையைப் பிடித்துத் தேங்காய்க்கடை ஓரமாக இழுத்துப்போனாள்.

"என்ன சொல்லி வச்சிருக்க?"

"நீ சொன்னதத்தான். கடல் சூடாகுது, மழை முன்ன மாதிரி இருக்காதுன்னு நீதான சோத்துத் தட்டுல கையை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுன?"

"முன்ன மாதிரி இருக்காதுன்னா வரவே வராதுன்னு அர்த்தமா? பெய்யாமயும் கெடுக்கும், ஒரே நாள்ல கொட்டியும் கெடுக்கும். அந்தம்மா வயலுக்கு இந்த வருசம் என்ன நடக்கும்னு எந்தக் கப்பலும் சொல்லாது."

"அம்புட்டு நீளமாச் சொன்னா யாரு கேப்பா? நான் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன்."

"யாருட்டல்லாம் சுருக்குன?"

"ஒரு நாலு பேருட்ட. எல்லாம் சந்தோசமாத்தான் வித்தாங்க. விருமாண்டி மகன் புது பைக்குல திரியிறான், போய்ப் பாரு."

"கருப்பு வாசல்ல பொய்ச்சத்தியம் பண்ணச் சொல்றியே, நீயே பண்ண வேண்டியதுதான?"

அழகுபாண்டி பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "நானா? புள்ளகுட்டிக்காரன் பாப்பா. நீ சயின்ஸ்காரி. உனக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே, ஒண்ணும் ஆகாது."

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொளுத்தியது. பயப்படுகிறவனுக்குச் சத்தியம் செலவு, பயப்படாதவளுக்கு இலவசம், ஆகவே தங்கை. கீழமாசி வீதியில் அப்பாவின் வத்தல் கடையில் கற்ற கணக்கை இப்படிப் போட்டிருக்கிறான்.

கப்பலில் ஒரு தடவை, ஒரே ஒரு குப்பியின் மூடி சரியாக விழவில்லை என்று கம்பி முழுவதையும் மறுபடி இறக்கினார்கள். காற்று முகத்தைக் கிழித்தது. விரல் மரத்துப்போய் ஒருத்தன் அழுதேவிட்டான். ஆனாலும் சந்தேகமான எண்ணைப் பதிய யாரும் சம்மதிக்கவில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து அளந்ததைத்தான் இவன் திரித்து வழியெல்லாம் கூவி விற்றிருக்கிறான், அவள் முகத்தை லேபிளாக ஒட்டி.

"வா" என்று திரும்பி நடந்தாள்.

"இம்புட்டுக் கோவத்தோட சொல்லாத. சிரிச்ச மொகமாச் சொல்லு" என்றபடி அவன் பின்னால் ஓடிவந்தான்.

ராமக்காள் படியில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தாள். ரோகிணி அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் போனது நெசம். கடல் சூடாகுறத நானே அளந்து பாத்தேன், அதுவும் நெசம். மழை முறை மாறுது. உங்க வயலுக்கு மழை வராதுன்னு நான் யாருக்கும் சொல்லல. வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது." ஓங்கி அடித்துச் சூடத்தை அணைத்தாள். உள்ளங்கை சுட்டது.

ராமக்காளுக்கும் கோபம் வந்தது. அது ரோகிணியின் மேலேயே வந்தது. "தெரியாதா? அம்புட்டுத் தூரம் கப்பல்ல போயிட்டுத் தெரியாதுன்னு சொல்லவா வந்த? தெரியாதுன்னு சொல்ல எங்க வீட்டு மாடு போதுமே!"

அழகுபாண்டி சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டான். "அதாம்மா நானும் சொல்றேன். இவளுகளுக்கே தெரியல. எந்த நம்பிக்கையில வெதைப்பீங்க?"

ரோகிணி, ராமக்காளின் கையிலிருந்து இன்னொரு சூடத்தை எடுத்துப் படியில் வைத்தாள். தீக்குச்சி இரண்டு ஒடிந்தன. மூன்றாவது பற்றியது.

"இப்ப நீ அணை அண்ணே."

"நானா? நான் என்னத்தச் சொல்றது?"

"மழையே வராத நெலத்த நீ எதுக்கு வாங்குற? பிளாட் போட்டு விக்க இல்லன்னு சொல்லிட்டு அணை."

"சாமி வாசல்ல வியாபாரம் பேசலாமா பாப்பா?"

"என்னைய எதுக்குக் கூட்டியாந்த, பஜனை பாடவா?"

அழகுபாண்டி சிரித்துப் பார்த்தான். போன் வந்ததுபோல எடுத்துப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். ராமக்காள் சூடத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடம் சின்னதாகி, நீலமாகி, தானாகவே அணைந்தது.

"பிளாட் போடுற நெலத்துக்கு வயக்காட்டு வெலையாடா பேசுன?" என்றாள் ராமக்காள். இவ்வளவு நேரம் இருந்த 'தம்பி' போய்விட்டது. "அதுவும் காஞ்ச வயக்காட்டு வெலை. இனிமே எங்க வரப்புல உன் காலு பட்டுச்சு, ஊரக் கூட்டிருவேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே கார் பக்கம் போனான். அங்கிருந்து, "ரோகிணி, சொந்த அண்ணனையே கெடுத்துட்டல்ல, வந்து ஏறு" என்று கத்தினான்.

அவள் அசையவில்லை. ராமக்காள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "உன் மேலயும் எனக்கு ஆத்திரந்தான் தாயி. உன் மூஞ்சியக் காட்டித்தான எல்லாத்தையும் வாங்குனான். வாரியா? மேலூரு பஸ்ஸு வந்துரும். விருமாண்டி வீட்டுல வந்து நீயே சொல்லு. தெரியலன்னு ஆரம்பிக்காத. வராதுன்னு நான் சொல்லலன்னு ஆரம்பி."

"வித்தது திரும்புமாக்கா?"

"திரும்பாது. ஆனா ஆளு கூடும்ல. நாலு வீட்டு ஆளும் சேந்து இவனை இதே வாசலுக்கு இழுத்துட்டு வருவோம்."

பஸ் புழுதியோடு வந்து நின்றது. ரோகிணி ஏறி, சுட்ட கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக அண்ணன் இன்னும் கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது.

"சூடம் மிச்சம் இருக்காக்கா?"

"பாக்கெட்டுல பாதி கெடக்கு."

"நாலு வீட்டுக்குப் பத்தாது" என்றாள் ரோகிணி.