ஹெல்டன்பாக்கில் றெமியின் குரல்

கிளடிஸுக்குக் கால்பந்து பற்றித் தெரிந்திருந்ததெல்லாம் ஒன்றுதான்: அவளுடைய மகள் மெலிசாவின் கலியாணத்துக்குத் தம்பி றெமிஜியஸ் வராமல் விட்டதற்கு அந்தப் பந்துதான் காரணம்.

நாலு வருடத்துக்கு முந்திய கதை அது. மண்டபம் பிடித்து, சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லி, பெண்ணின் தாய்மாமனுக்கென்று கோட் சூட்டும் எடுத்து வைத்திருந்தாள். கலியாணம் கிட்ட வந்தபோது ஜெர்மனியிலிருந்து போன் வந்தது.

“அக்கா, எனக்கு வர ஏலாமல் கிடக்கு. அண்டைக்கு எங்கட கிளப்புக்குக் கடைசி மட்ச். தோத்தால் கீழ் லீக்குக்கு இறக்கிப் போடுவாங்கள். நான்தான் அங்க மைக்கிலை நிண்டு அறிவிக்கவேணும்.”

“உனக்கென்ன விசரோ? மைக்கிலை நிக்க அங்க வேற ஆளில்லையோ?”

“இல்லை அக்கா,” என்றான். போனை வைத்துவிட்டான்.

தாய் செத்துப்போனபோது அவன் சின்னப் பெடியன். அவனைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் கிளடிஸ்தான். அப்படிப்பட்டவனுக்கு மருமகளின் கலியாணத்தைவிட ஏதோ ஒரு ஊர்க் கிளப்பின் ஆட்டம் பெரிதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் எடுத்த போன் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அடித்தது, உயிர்த்த ஞாயிறுக்கு அடித்தது, பிறகு அடிக்காமலே போனது. கணவர் அகஸ்ரின் ஒருமுறை மெல்ல, “உம்மட தம்பிதானே, ஒருக்கால் கதையுமன்” என்று சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு மத்தியானக் கறியில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. அவர் பிறகு வாய் திறக்கவில்லை.

மெலிசாவுக்கு மாமன்மேல் கோபம் ஒன்றும் இருக்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு காலை, ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு, கிளடிஸ் இருக்கும் மல்வேர்னுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகத் தன் கணினியைத் தாய்வீட்டு டிவியில் கொழுவினாள்.

“அம்மா, come and listen. ஒரே ஒரு நிமிஷம்.”

கை துடைக்கும் துணியோடு கிளடிஸ் கூடத்துக்கு வந்தாள். திரையில் பச்சை மைதானம் ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் வேலியைப் பிடித்தபடி குடையும் தொப்பியுமாக நூறு நூற்றைம்பது சனம். தொலைவிலிருந்து ஒலிபெருக்கியில் யாரோ ஜெர்மன் மொழியில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சு. பெயரின் கடைசிப் பகுதியை விழுங்கிவிடாமல் பக்குவமாகக் கீழே இறக்கி வைப்பது போன்ற ஒரு நிதானம். ஊரில் கோயில் பூசையில் அவன் முதன்முதலாக வேதாகம நிருபம் வாசித்ததும் இப்படித்தான்.

“உது றெமியெல்லோ,” என்றாள் கிளடிஸ்.

“ஓம், மாமாதான். மட்ச் இப்ப நடக்குது, இன்ரநெற்றிலை காட்டுறாங்கள்.”

“நிப்பாட்டு.”

மெலிசா நிறுத்தவில்லை. கிளடிஸும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆட்டத்தின் முதற்பாதி முழுவதும் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

அடுத்த ஞாயிறு மகள் வரவில்லை. கிளடிஸ் டிவிக்கு முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டு அவளுக்குப் போன் போட்டாள். “உந்தச் சாமானை என்னெண்டு போடுறது?” என்று கேட்டாள். மெலிசா சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தாள்.

அப்படித்தான் தொடங்கியது. அங்கே மத்தியானம் கழிந்து ஆட்டம் ஆரம்பிக்கும்போது ரொறன்ரோவில் காலைத் தேநீர் வேளை. பூசைக்குப் போகுமுன் ஆட்டம் முடிந்துவிடும். கிழமை முழுவதும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று வேலை செய்கிற கிளடிஸுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அந்தக் காலைகளில் தேநீரை ஊற்றிக்கொண்டு ஹெல்டன்பாக்குக்குப் போய்விடுவாள்.

அது டோர்ட்முண்டுக்குக் கிட்ட உள்ள ஒரு சிற்றூர். அந்த ஊரின் கிளப் விளையாடுவது லாண்டஸ்லீகாவில். அகஸ்ரின்தான் விளங்கப்படுத்தினார்: டிவியில் உலகமே பார்க்கிற லீக் முதலாம் படி என்றால், படிப்படியாக இறங்கி ஏழாவது படியில் இருப்பது இது. ஒருவருக்கும் இதில் சம்பளம் கிடையாது. கோல் காப்பவன் ரொட்டி சுடுகிற வெதுப்பகக்காரன். நடுவில் நிற்கிற உயரமானவன் பள்ளிக்கூட வாத்தியார். வருட முடிவில் முன்னுக்கு நிற்கிற கிளப்புகள் ஒரு படி ஏறும், கடைசியில் கிடப்பவை ஒரு படி இறங்கும். ஹெல்டன்பாக் எப்போதும் அந்தக் கடைசிக்குக் கிட்டத்தான் கிடந்தது.

படம் பிடிக்கவும் அங்கே ஆள் இல்லை. கம்பத்தில் பூட்டிய கமரா தானாகவே பந்தைத் தேடித் திரும்பும். ஒருநாள் அது பந்தை விட்டுவிட்டு வேலியோரம் ஓடிய நாயின் பின்னால் போனது. அதற்கிடையில் ஹெல்டன்பாக் ஒரு கோல் அடித்துவிட்டது. கிளடிஸ் அதைக் கண்ணால் காணவில்லை. றெமியின் குரல் எழும்பிய எழும்பலில்தான் அறிந்துகொண்டாள்.

கோல் விழுந்தால் அவன் அடித்தவனின் முதற்பெயரைச் சொல்லுவான், சனம் குடும்பப் பெயரைக் கத்தும். தங்கள் கிளப்பின் பெயரைச் சொல்லுவான், சனம் கோல் எண்ணிக்கையைக் கத்தும். கடைசியில் அவன் “டாங்கே” என்று நன்றி சொல்ல, எல்லாரும் சேர்ந்து பதிலுக்கு “பிட்டே” என்பார்கள். முதலில் கிளடிஸுக்கு இது பூசையில் குருவானவர் சொல்லச் சனம் பதில் சொல்வது மாதிரித் தோன்றியது. பிறகு ஒருநாள் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் மெல்ல “பிட்டே” என்றாள். சொன்ன பிறகுதான் அகஸ்ரின் வாசலில் நிற்பதைக் கண்டாள்.

“என்ன பாக்கிறியள்? தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

அவர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். அன்றிலிருந்து இரண்டு பேருமாகப் பார்த்தார்கள்.

மார்கழியில் பனிக்காக லீக்கை நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு மாதமும் கிளடிஸுக்கு ஞாயிறு காலைகள் விடிந்தும் விடியாத மாதிரி இருந்தன. வெளியே மல்வேர்னில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. “போன் எடுத்தால் குரல் கேக்கலாம்தானே,” என்றார் அகஸ்ரின். அவள் அவரை முறைத்துப் பார்த்தாள். ஆனால் இந்தமுறை கறியில் உப்பு அளவாகத்தான் இருந்தது.

மாசியில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு, மைக்கில் வேறு குரல் கேட்டது. யாரோ இளம்பெண் பெயர்களை ஓட்டமாக வாசித்து முடித்தாள்.

“லீவிலை போயிருப்பான்,” என்றாள் கிளடிஸ்.

அடுத்த ஞாயிறும் அதே பெண்தான். மெலிசாவைக் கொண்டு கிளப்பின் இணையப் பக்கத்தைத் தேடுவித்தாள். அதில் புதிதாக ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆட்டத்தில் என்ன நடக்கிறதென்றே கிளடிஸுக்குப் பிடிபடவில்லை. ஹெல்டன்பாக் தோற்றதைக்கூட அகஸ்ரின் சொல்லித்தான் கேட்டாள். பூசைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்தும் போட்ட பிறகு, கதவடியில் நின்றபடியே போனை எடுத்தாள். நாலு வருடமாக அழைக்காத இலக்கம். விரலுக்கு அது மறந்திருக்கவில்லை.

எடுத்தது றெமியின் மனைவி அன்ரனெற்.

“ஹலோ?”

“நான் கிளடிஸ் கதைக்கிறன்.”

“மச்சாள்,” என்றாள் அன்ரனெற், “மச்சாள், நீங்களே?”

“றெமி எங்க? ஏன் மைக்கிலை வேற ஆள் நிக்குது? அவனுக்கு என்ன நடந்தது?”

“உங்களுக்கு மைக்கை எப்பிடித் தெரியும்?”

“எல்லாம் பாக்கிறனான். நீர் அவனுக்கு என்னெண்டு சொல்லும்.”

“பயப்படாதேங்கோ மச்சாள். தொண்டையிலை சின்னக் கட்டி ஒண்டு. ஒப்பரேசன் செய்து எடுத்தாச்சு. கெட்ட கட்டி இல்லையெண்டு சொல்லிப் போட்டாங்கள். ஆனால் கொஞ்சக் காலத்துக்கு வாய் திறந்து ஒரு சொல்லும் கதைக்கக் கூடாதாம். வீடியோவிலை வாங்கோ, பாருங்கோ.”

திரையில் றெமி வந்தான். தலை முன்பக்கம் முடி கொட்டி வெளித்திருந்தது. கழுத்தில் ஒரு துணியைச் சுற்றியிருந்தான். அக்காவைக் கண்டதும் வாயைத் திறந்தான். பின்னாலிருந்து அன்ரனெற் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கிளடிஸ் கதவடியில் கிடந்த சின்ன வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள். நாலு வருடமாக நெஞ்சில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வரிசை தப்பி வந்தது.

“ஒப்பரேசனுக்குப் போகேக்க ஒரு சொல் எனக்குச் சொல்லக் கூடாதோ? நான் போன் எடுக்காட்டில் விட்டிடுறதே? பிள்ளையின்ரை கலியாணத்திலை உன்ரை இடத்திலை ஆரோ ஒரு மனுசன் நிண்டவர், தெரியுமே உனக்கு? பந்து அவ்வளவு பெரிசோடா?”

றெமியின் கண் நிரம்பிக்கொண்டு வந்தது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனிடம் ஏதோ கேட்பது போலப் பார்த்தாள். அவன் வேண்டாமென்று தலையசைத்தான்.

“இல்லை, நான் சொல்லத்தான் போறன்,” என்றாள் அன்ரனெற். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “மச்சாள், அந்தக் கிழமை எங்கட பிள்ளை வயித்துக்குள்ளையே இல்லாமல் போட்டுது. அஞ்சாம் மாசம். பெம்பிளைப் பிள்ளை. உங்களுக்கு வந்து சொல்லுவம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்தனாங்கள். இவர்தான் சொன்னவர், கலியாண வீட்டிலை இந்தச் செய்தி போகக் கூடாது, அக்கா ஆடிப்போயிடுவா, மெலிசாவின்ரை நாள் கெட்டுப்போகும் எண்டு. வாயிலை வந்த காரணம் அந்த மட்ச்தான்.”

கிளடிஸ் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அண்டைக்கு மட்ச் உண்மையாய் நடந்தது. நான்தான் போகச் சொன்னனான். வீட்டிலை சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தவர். போய்ப் பெயருகளை வாசிச்சுப்போட்டு வந்து, அண்டைக்குத்தான் கொஞ்சம் சாப்பிட்டவர்.”

போன் மறுபடி றெமியிடம் போனது. அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அகஸ்ரின் கார்ச் சாவியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, வந்து கிளடிஸின் அருகே நின்றார்.

“றெமி,” என்றாள் கிளடிஸ். “பிள்ளைக்குப் பெயர் வைச்சனீங்களோ?”

அவன் தலையாட்டினான். கொப்பித்தாளில் எழுதித் திரைக்குக் காட்டினான். கிளடிஸையும் அவனையும் பெற்ற தாயின் பெயரை வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அவர்கள் பின்னேரம்தான் பூசைக்குப் போனார்கள். குழந்தையின் பெயரைச் சொல்லிக் கிளடிஸ் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அதற்குப் பிறகு தினமும் வேலையால் வந்ததும் போன் போட்டாள். அவன் பேசக் கூடாத காலம் முழுவதும் அவளே பேசினாள். இல்லத்துச் சமையலறையில் சூப் அடிப்பிடித்த கதை, மெலிசாவின் கணவர் அன்ட்ரூ பிட்டு அவிக்கப் பழகிய கதை, அகஸ்ரினின் முழங்கால் நோவு. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்தால் தொண்டையைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வைகாசிக் கடைசியில் டொக்டர் கொஞ்சம் பேச விட்டார். அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் ஹெல்டன்பாக்கில் நடந்தது. வென்றால்தான் லாண்டஸ்லீகாவில் இருக்கலாம். மெலிசாவும் அன்ட்ரூவும் வந்திருந்தார்கள். கூடத்தில் இருக்க இடம் போதாமல் சாப்பாட்டு மேசைக் கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். பெயர்களை அந்த இளம்பெண்தான் வாசித்தாள். ஆனால் முடிவுக்குக் கிட்ட வெதுப்பகக்காரன் ஒரு பெனல்ட்டியைப் பாய்ந்து பிடித்தபோது மைக்கில் றெமியின் குரல் வந்தது. பழைய குரல் இல்லை. கரகரத்து, பாதியாகத் தேய்ந்த குரல். கிளடிஸ் எழும்பி நின்றாள்.

இருந்தும் ஹெல்டன்பாக் தோற்றது. ஆட்டக்காரர் புல்லில் படுத்துக் கிடந்தார்கள். வேலியோரத்துச் சனம் கலையாமல் நின்று கைதட்டியது. கிளடிஸின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

“அம்மா, are you crying for a football team?” என்றாள் மெலிசா.

“அந்த வாத்தியார்ப் பெடியனைப் பார். எப்பிடிக் கிடக்கிறான் எண்டு.”

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“அக்கா, இறங்கியாச்சு,” என்றான் றெமி. “அடுத்த வருஷம் எட்டாம் படி.”

“ஒரு வருஷம்தானே. ஏறலாம். நீ கனக்கக் கதையாதை.”

“அதில்லை அக்கா. கமரா லாண்டஸ்லீகாவுக்கு மட்டும்தான். கீழ் லீக்கிலை அது இல்லை.”

“அப்ப நான் என்னெண்டு பாக்கிறது?”

“பாக்கேலாது. நான் மட்ச் முடியப் போன் எடுத்துச் சொல்லுறன்.”

ஆவணியில் லீக் தொடங்கிய முதல் ஞாயிறு, சொன்னபடியே எடுத்தான். காற்று இரைந்தது, அவன் மைதானத்தில்தான் நிற்கிறான் போலும். யார் எப்படி அடித்தது, யாருக்குக் கால் பிரண்டது என்று தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். அகஸ்ரின் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கோல் விழுந்த இடத்துக்கு வந்தபோது கிளடிஸ் இடைமறித்தாள்.

“அது கிடக்கட்டும். நீ மத்தியானம் சாப்பிட்டனியோ?”

“இல்லை அக்கா, மட்ச் எல்லோ. இனித்தான்.”

“அப்ப முதல் வீட்டை போய்ச் சாப்பிடு. சாப்பிட்டிட்டு எடு. மிச்சத்தைப் பிறகு கேக்கிறம்.”

“கிளடிஸ்,” என்றார் அகஸ்ரின், “கோலை மட்டும் சொல்லிப்போட்டுப் போகட்டுமன்.”